ஆறு முழப் பள்ளம்

ராணுவ ஆள்சேர்ப்பில் தாண்ட வேண்டிய பள்ளம் ஒன்பது அடி. நம் கணக்கில் ஆறு முழம். சேதராப்பட்டில் எங்களுக்கென்று அப்படியொரு பள்ளம் உண்டு. சேதராப்பட்டு, கரசூர் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று எடுத்த நிலம் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்ததே, அதன் ஓரமாக ஊர்ப் பையன்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாகப் போய் வெட்டியது. செம்மண் பூமி. ஐப்பசி மழையில் இரண்டு கரையும் கரைந்து ஒன்பதடி பதினோரடி ஆகிவிடும். மழை விட்டதும் கயிறு பிடித்து அளந்து, கரையைக் கெட்டித்து, அந்தப் பக்கம் நாலு கூடை மணல் கொட்டுவோம். பக்கத்திலேயே பனஞ்சட்டங்களைச் செங்கல் மேல் கோணல்மாணலாகப் பொருத்தி ‘ஜிக்ஜாக்’ செய்திருக்கிறோம். இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே கட்டிய இரும்புப் பைப்புதான் ‘பீம்’. முதல் ஷிப்டு தொடங்குவதற்குள் பயிற்சி முடிந்தாக வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் சேதராப்பட்டு கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்கள். நானும் அப்படித்தான்.

ராணுவ ஆள்சேர்ப்பு ரேலி அறிவிப்பு வந்தால் போதும், யாராவது ஒரு பையன் பள்ளத்தின் ஓரமாக வந்து நிற்பான். “அண்ணா, நான் இன்னும் ரெடியாவல. இந்த வாட்டி போவலாமா, அடுத்த வாட்டி பாத்துக்கலாமா?” என்பான். ‘போ’ என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிடலாம். அது அவனுக்கு உதவாது. ‘ரெடியாவல’ என்று அவன் மொத்தமாக அள்ளி வைக்கிற மூட்டைக்குள் என்னென்ன இருக்கிறது என்று அவிழ்த்துப் பார்க்க வேண்டும். சில குறைகளை ஒரு வாரத்தில் சரிசெய்யலாம். சிலவற்றுக்கு மூன்று மாதம் வேண்டும். சில குறைகளோடு ஓடவே கூடாது. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பையனுக்குப் பாதிப் பயம் அங்கேயே இறங்கிவிடுகிறது.

என் கதையையே சொல்கிறேன். 2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவால் ராணுவத்துக்கு ஆள் எடுப்பதே நின்றுபோனது. அதற்கு முன் விடிகாலையில் ஓடாமல் இருந்த நாளே எனக்குக் கிடையாது. ஆள் எடுப்பது இல்லை என்றானதும் ஓட்டம் நின்றது, கம்பெனி வேலை வந்தது, நைட் ஷிப்டு வந்தது. 2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டத்தை அறிவித்தார்கள். வயது பதினேழரை முதல் 21 வரை. நான் 21-ஐத் தாண்டியிருந்தேன். இரண்டு வருடம் ஆள் எடுக்காததை முன்னிட்டு, அந்த ஆண்டுக்கு மட்டும் 23 வரை என்று அடுத்த இரண்டு நாளில் தளர்த்தினார்கள். ஆக, எனக்கு ‘அடுத்த வாட்டி’ என்ற பேச்சே இல்லை. புதுச்சேரிப் பகுதி சென்னை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது. காரைக்கால்காரர்கள் திருச்சிக்குப் போக வேண்டும். எங்களுக்கு வேலூரில், நவம்பரில் என்று முடிவானது.

மழைக்கும் ஷிப்டுக்கும் நடுவே கிடைத்த காலைகளில்தான் பயிற்சி. பள்ளம் தண்ணீர் கட்டிக் கிடந்தது. பீமில் கை வழுக்கியது. கிளம்புகிற நாளில் கணக்குப் பார்த்தால், பழைய வேகத்தில் முக்கால்வாசிதான் திரும்பியிருந்தது. திண்டிவனம் போய் வேலூர் பஸ் ஏறும்போது, கம்பெனியில் லீவு போட்டது வீணோ என்றுகூடத் தோன்றியது.

ரேலிக்குப் போகாதவர்களுக்கு அங்கே என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம். 400 மீட்டர் தடத்தில் நாலு சுற்று. 5 நிமிடம் 30 நொடிக்குள் முடித்தால் முதல் குரூப், 60 மதிப்பெண். 5.45-க்குள் முடித்தால் இரண்டாவது குரூப், 48. அன்றைக்கு அதற்கு மேல் ஒரு நொடி ஆனாலும் வீட்டுக்குத்தான். (அண்மை அறிவிப்புகளில் 6.15 வரை இன்னும் இரண்டு குரூப் சேர்த்திருக்கிறார்கள். மதிப்பெண் 36, 24 என்று இறங்குகிறது.) அடுத்தது பீம், அதாவது கம்பியில் தொங்கித் தாடை மேலே வரும்வரை உடம்பைத் தூக்குவது. பத்து எடுத்தால் 40, ஆறு எடுத்தால் 16; அதற்குக் குறைந்தால் மதிப்பெண்ணே கிடையாது. பிறகு ஒன்பது அடிப் பள்ளம், அதன் பிறகு ஜிக்ஜாக் கட்டையில் நடை. இந்த இரண்டுக்கும் மதிப்பெண் இல்லை, தேறினால் போதும். தேறாவிட்டால் ஓட்டத்தில் வாங்கிய 60-ஐ வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் பையன்கள் பள்ளத்துக்கு அவ்வளவு பயப்படுகிறார்கள். பெண்களுக்கு, ராணுவக் காவல் பிரிவுக்கு, கணக்கு வேறு: அதே 1.6 கிலோமீட்டரை எட்டு நிமிடத்துக்குள் ஓட வேண்டும், பத்தடி நீளம் தாண்ட வேண்டும், மூன்றடி உயரம் தாண்ட வேண்டும்.

வேலூரில் எங்களை ராத்திரியே வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். மழைக்குளிர். சுற்றிலும் இருந்தவர்கள் எல்லோரும் என்னைவிடத் தேறினவர்களாகவே தெரிந்தார்கள். தொடையைப் பார்த்தாலே தெரிந்தது, மாதக்கணக்கில் ஓடியிருக்கிறார்கள் என்று. செய்யாறு பக்கத்துப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தான். அகாடமியில் தங்கிப் பயிற்சி எடுத்தவன், ஓட்டத்தில் 5.10 எடுப்பவன். பொட்டுக்கடலையை என் கையில் கொட்டிவிட்டு, “எனக்கு ஒண்ணுமே செட் ஆகல ப்ரோ. பள்ளத்துல கால் நின்னுடுது” என்றான். 5.10 எடுப்பவன் சொல்கிறான் இதை. தயாராகவில்லை என்ற உணர்வுக்கும் தயாரிப்புக்கும் நேர்ச்சம்பந்தம் கிடையாது என்று அந்த வரிசையில்தான் எனக்குப் புரிந்தது. அந்த உணர்வு அங்கே எல்லோருக்கும் இருந்தது. அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. முடிவுக்கு ஆதாரம் கடிகாரமும் கயிறும்தான்: எத்தனை நொடியில் ஓடினாய், எத்தனை அடி தாண்டினாய்.

அந்தக் கணக்கோடு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஓட்டம்தான் இதில் குறுக்கு வழி இல்லாதது. மூச்சும் இதயமும் பழகுவதற்கு ஆறு முதல் எட்டு வாரமாவது பிடிக்கும். இரண்டு வாரம் இருக்கும்போது விழுந்து விழுந்து தினமும் பத்துக் கிலோமீட்டர் ஓடினால் முழங்கால்தான் வீங்கும். ஆனால் இருக்கிற மூச்சை வீணாக்காமல் ஓடப் பழகுவதற்கு நாள் போதும். 5.30 என்றால் சுற்றுக்கு 82 நொடி. 5.45 என்றால் 86. விசில் அடித்ததும் பேட்ச் மொத்தமும் முட்டிமோதிக்கொண்டு பாயும். முதல் சுற்றை 70 நொடியில் முடித்தவர்கள் மூன்றாவது சுற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஒவ்வொரு பேட்சிலும் பார்க்கலாம். முழுத் தயாரிப்பில் வந்தவன் அந்தத் தவறைச் செய்தாலும் சமாளித்துவிடுவான். அரைத் தயாரிப்பில் வந்தவனுக்கு அந்த ஆடம்பரம் இல்லை. அதனால் எங்கள் பையன்களை 400 மீட்டரை 84, 85 நொடியில் ஓட வைத்து, மூச்சு வாங்க விட்டு, மறுபடி அதே 84, 85-இல் ஓட வைப்போம். கடிகாரத்தைப் பார்க்காமலே அந்த வேகம் காலுக்குத் தெரிய வேண்டும். வேலூரில் முதல் சுற்றில் எனக்கு முன்னால் பெருங்கூட்டம். நான் என் 85-ஐ விடவில்லை. மூன்றாவது சுற்றில் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். 5.41-இல் முடித்தேன். இரண்டாவது குரூப்.

பீம் நடுவில் நிற்கிறது. நாலு எடுக்கிறவன் ஒரு வாரத்தில் பத்து எடுக்க மாட்டான். ஆனால் எட்டு எடுக்கிறேன் என்று சொல்கிறவனை அங்கே நிற்கிற ஹவில்தார் ஐந்து என்று எண்ணுவார். கை முழுக்க நீளாமல் பாதியில் தொங்கி மேலே போனால் அது கணக்கில் வராது. தாடை கம்பிக்கு மேல் போகாவிட்டாலும் வராது. காலை உதறி ஊஞ்சலாடினாலும் வராது. ஆகையால் கடைசி வாரத்தில் எண்ணிக்கையை விட்டுவிட்டு, முழு நீளத்துக்குத் தொங்கி முழு உயரத்துக்கு ஏறப் பழகுவதுதான் வேலை. களைத்து விழும்வரை எடுக்க வேண்டாம். காலையில் மூன்று, டீ குடித்துவிட்டு மூன்று, ஷிப்டு முடிந்து வந்து மூன்று என்று நாள் முழுக்கப் பரப்பி எடுத்தால் போதும். பயிற்சி தொடங்கிய முதல் வாரங்களில் கூடுகிற பலம் தசை பெருத்து வருவதில்லை. இருக்கிற தசையை ஒரே நேரத்தில் இயக்க நரம்பு கற்றுக்கொள்வதால் வருவது. அது களைக்காத உடம்பில்தான் சீக்கிரம் படியும். கடைசி இரண்டு நாள் பீமைத் தொடவே கூடாது. உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தால் தேங்காயெண்ணெய் தடவி ஆறவிட வேண்டும்.

பள்ளத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நான்கில் இதைத்தான் மிகக் குறைந்த நாளில் கற்றுக்கொடுக்க முடியும். ஒன்பது அடி என்றால் 2.74 மீட்டர். பள்ளிக்கூடத்தில் நீளம் தாண்டியவர்களுக்கு அது பெரிய தூரமே இல்லை. காலில் அபார பலமும் வேண்டியதில்லை. நன்றாக ஓடி வந்து, அந்த வேகத்தோடு சுமாராக எழும்பினாலே உடம்பு அரை நொடிக்குள் அந்தப் பக்கம் போய்விடும். தூரத்தைக் கொடுப்பது ஓட்ட வேகம். அப்படியிருந்தும் விழுகிறார்களே, ஏன்? கடைசி மூன்று காலடியில் வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். கண் பள்ளத்துக்குள் போகிறது, கால் தத்தித்தத்தி வருகிறது, விளிம்புக்கு வரும்போது ஓடி வந்த வேகம் கையில் இல்லை. செய்யாறுப் பையன் ‘கால் நின்னுடுது’ என்றானே, அதுதான்.

அதற்கு எங்கள் ஊரில் செய்வது இது. முதல் நாள் பள்ளத்துப் பக்கமே போக மாட்டோம். சமதரையில் சுண்ணாம்பால் இரண்டு கோடு, நடுவே ஒன்பது அடி. எந்தக் காலால் எழும்புகிறாய் என்று முதலில் பார்ப்போம். அந்தக் கால் சரியாகக் கோட்டில் விழும்படி பின்னோக்கி அடி எண்ணி, ஓட்டம் தொடங்கும் இடத்தில் செருப்பை வைப்போம். பதினைந்து காலடி ஓட்டம் தாராளம். பையன் சமதரையில் பத்தடி, பதினோரடி என்று தாண்டுவான். “பாத்தியா, நீ தாண்டிட்டல்ல, பள்ளம் ஒம்போதுதான்டா” என்று சொன்னால் கயிறு போட்டு அவனே அளந்து பார்ப்பான். மறுநாள் உண்மைப் பள்ளம். எதிர்க்கரையில் தூரத்தில் நிற்கிற பனைமரத்தின் கொண்டையைப் பார்த்துக்கொண்டே ஓடி வரச் சொல்வோம். குழியைப் பார்த்தால் கால் குழிக்குத்தான் போகும். இறங்கும்போது முழங்கால் மடங்க வேண்டும், உடம்பு முன்னால் சாய வேண்டும், பின்னால் கை ஊன்றக் கூடாது. ஒரு வாரத்தில் பெரும்பாலான பையன்கள் தாண்டிவிடுகிறார்கள்.

இந்தச் சூட்சுமம் உலகத் தரத்திலும் அதேதான். 3000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸ் ஓட்டத்தில் 28 தடைகளும் 7 நீர்ப்பள்ளங்களும் உண்டு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்து விவசாயக் குடும்பத்திலிருந்து ராணுவத்தில் சேர்ந்து, சியாச்சினில் பணியாற்றி, அதன் பிறகே இந்த ஓட்டத்துக்கு வந்தவர் அவினாஷ் சாப்ளே. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 8 நிமிடம் 11.20 நொடியில் ஓடி வெள்ளி வாங்கினார். தங்கம் வாங்கிய கென்ய வீரருக்கும் இவருக்கும் நொடியில் இருபதில் ஒரு பங்குதான் வித்தியாசம். அவர் ஓடுகிற வீடியோவை எங்கள் பையன்களுக்குப் போனில் போட்டுக் காட்டுவேன். தடை நெருங்கும்போது அவர் காலைப் பார்க்கச் சொல்வேன். வேகம் குறையாது.

ஜிக்ஜாக் நடை எளிது போலத் தெரியும். ஓடி, பீம் எடுத்து, பள்ளம் தாண்டிய பிறகு தொடை நடுங்கிக்கொண்டிருக்கும்போது அந்தக் கட்டை மேல் ஏறிப் பாருங்கள். அடி வைக்கிற இடம் ஒரு பாத அகலம்கூட இருக்காது. உடம்பு நிலைகொள்ளக் கண், காதின் உட்பகுதி, பாதத்தின் தொடு உணர்வு மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. கால்விரலைக் குனிந்து பார்த்தால் கண் தரும் துணை போய்விடுகிறது. கையை விரித்து, ஐந்தாறு அடி முன்னால் கட்டையைப் பார்த்து, திருப்பத்தில் நிற்காமல் நடக்க வேண்டும். நின்றால்தான் ஆட்டம். இதையும் பனஞ்சட்டத்தின் மேல் சில காலைகளில் பழக்கிவிடலாம். ஓடி முடித்துக் களைத்த பிறகு பழகினால்தான் பிரயோஜனம்.

ஆக, பள்ளத்துக்கும் ஜிக்ஜாக்குக்கும் பயந்து ‘அடுத்த வாட்டி’ என்கிற பையனிடம், போ என்பேன். ஓட்டத்தில் ஆறரை நிமிடம் எடுக்கிறவனிடம், வயதும் இருக்கிறது என்றால், உட்காரு, மூன்று மாதம் ஓடு என்பேன். இரண்டு பேரும் சொல்வது ஒரே வாக்கியம்தான். பதில் ஒன்றாக இருக்க முடியாது.

இந்தத் தடை ஓட்டத்துக்கும் புதுச்சேரிக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. எங்கள் தெருவில் சொல்தா தாத்தா ஒருவர் இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை இங்கே சொல்தா என்றுதான் சொல்வோம். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களிலிருந்து பிறகும் பலர் பிரெஞ்சுப் படைக்குப் போனார்கள். அந்தத் தாத்தா நாங்கள் பள்ளம் தாண்டுவதைப் பார்த்துவிட்டு, “எங்களுக்கு இது பர்கூர். இருவது இருக்கும். செவுரு, குழி, கம்பி வலை, கயித்து ஏணி. ஒண்ணு முடிஞ்சா மூச்சு விடறதுக்குள்ள இன்னொண்ணு” என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்வார். போர்வீரர் தடைப்பாதை என்ற பொருளில் பிரெஞ்சுக்காரர்கள் சொல்கிற பெயர் அது. இன்றைக்கு உலகமெங்கும் பிள்ளைகள் சுவரேறிக் குதிக்கிற பார்கூர் கலைக்கும் அதுதான் வேர்.

அதன் பின்னால் ஜார்ஜ் எபேர் என்கிற பிரெஞ்சுக் கப்பற்படை அதிகாரி இருக்கிறார். 1902 மே 8 அன்று மார்த்தினீக் தீவில் பெலே எரிமலை வெடித்து, சேன் பியேர் நகரம் சாம்பலாகி, ஏறத்தாழ 30,000 பேர் இறந்தார்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள் வாழ்கிற தீவு அது. அங்கே மீட்பு வேலையில் இருந்த எபேர், ஆபத்து நேரத்தில் மனிதனுக்கு உதவுவது ஓட்டம், தாண்டல், ஏறுதல், தவழுதல், சுமத்தல், நிலைகொள்ளல், நீச்சல் போன்ற இயல்பான திறன்களே என்ற முடிவுக்கு வந்தார். அழகுக்காக உடம்பு வளர்ப்பதை விட்டு, பிறருக்குப் பயன்படுவதற்காகப் பலம் தேட வேண்டும் என்றார். முதல் உலகப் போருக்கு முன்பே பிரெஞ்சுக் கப்பற்படைக்கு அப்படித்தான் பயிற்சி கொடுத்தார். அந்த வழியில் வந்ததுதான் பிரெஞ்சுப் படைகளின் தடைப்பாதை. 1947-இல் பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் முயற்சியில் ராணுவங்களுக்கு இடையிலான ஐந்தம்சப் போட்டி தொடங்கியது. அதில் 500 மீட்டருக்குள் 20 தடைகள். தாத்தா சொன்ன இருபது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

எபேர் சொன்னதிலிருந்து எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இன்னொன்று. வெள்ளமோ நெருப்போ நாள் குறித்துக்கொண்டு வருவதில்லை. யாரும் பயிற்சி முடித்துவிட்டு அதற்குள் போவதில்லை. தடைப்பாதையை, தயாராகாத நேரத்தில் மனிதன் என்ன செய்கிறான் என்று பார்க்கிற சோதனையாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வில் இது வெளிப்படையாகவே தெரியும். அங்கே தனித்தடை என்று பத்துத் தடைகள் இருக்கும், நேரம் மூன்று நிமிடம். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து பத்து வரை வெவ்வேறு மதிப்பெண். எந்த வரிசையில் செய்வது என்பது அவரவர் விருப்பம். கயிறு ஏறத் தெரியாதவன் அதன் அடியில் நின்று ஒரு நிமிடத்தைத் தொலைக்கலாம். தெரிந்ததை முதலில் முடித்துவிட்டு அதற்கு வரவும் செய்யலாம்.

நகரங்களில் இப்போது காசு கட்டி ஓடுகிற தடை ஓட்டங்களும் வந்துவிட்டன. இங்கிலாந்தில் 1987-இல் ‘டஃப் கை’ என்று தொடங்கியது. 2010-இல் அமெரிக்காவில் ‘ஸ்பார்ட்டன்’, ‘டஃப் மடர்’ என்று பரவியது. நம் நாட்டில் 2012 முதல் ‘டெவில்ஸ் சர்க்யூட்’ நடக்கிறது, ஐந்து கிலோமீட்டர், பதினைந்து தடை. டோக்கியோ ஒலிம்பிக்கில் குதிரை முரண்டு பிடித்த சம்பவத்துக்குப் பிறகு நவீன ஐந்தம்சப் போட்டியிலிருந்து குதிரையேற்றத்தை எடுத்துவிட்டு, 2028 லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து தடை ஓட்டத்தைச் சேர்த்திருக்கிறார்கள். காசு கட்டி ஓடும் பந்தயங்களில் சுவர் ஏற முடியாதவனை முன்பின் தெரியாதவர்கள் தோள்கொடுத்துத் தூக்கிவிடுகிறார்கள். சில பந்தயங்களில் தடையில் தோற்றவன் தண்டனைப் பயிற்சி செய்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். அது நல்ல விஷயம், தைரியமாகப் போய் ஓடுங்கள். எங்கள் பையன்களின் பள்ளத்தில் அந்தச் சலுகை இல்லை. அதன் அந்தப் பக்கம் ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் இருக்கிறது.

அதனாலேயே ஆபத்தும் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கலால் காவலர் தேர்வுக்கு ஆண்கள் ஒரு மணி நேரத்தில் பத்துக் கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்தது. பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எல்லாம் இருபது, முப்பது வயதுப் பிள்ளைகள். தேர்வையே சில நாள் நிறுத்தி வைத்தார்கள். மாதக்கணக்கில் ஓடாத உடம்பு, ராத்திரி முழுக்கத் தூங்காத கண், தண்ணீர் குடிக்காத வயிறு, மேலே வெயில், இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்தால் இளவயது காப்பாற்றாது. இந்தத் தயாரின்மையோடு ஓடக் கூடாது. காய்ச்சல் அடித்து ஒரு வாரம் ஆகவில்லையா, போகாதே. ஓடும்போது நெஞ்சு அடைக்கிறதா, கண் இருட்டுகிறதா, நின்றுவிடு, உட்காரு, கையைத் தூக்கு. ஊசி போட்டுக்கொண்டால் களைப்பே தெரியாது என்று காதில் ஓதுகிறவர்கள் வருவார்கள். களைப்பு தெரியாமல் போவதுதான் உயிருக்கு ஆபத்து. கூல்டிரிங்க்ஸ் கடையில் விற்கிற எனர்ஜி டிரிங்க்கும் வேண்டாம். முதல் நாள் மதியத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், ராத்திரி வயிறு நிறையச் சோறு, ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம். புது ஷூவை அன்றைக்கு மாட்டாதே. இதைப் பையன்களிடம் சொல்வதோடு, அவர்கள் அம்மாமார்களிடமும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

வேலூரில் எனக்குப் பீமில் எட்டு, பள்ளம் தேறியது, ஜிக்ஜாக் தேறியது, மெடிக்கலும் தேறியது. பிறகு வந்த எழுத்துத் தேர்வின் பட்டியலில் என் எண் இல்லை. இப்போது எழுத்துத் தேர்வை முதலில் வைத்து, அதில் தேறியவர்களை மட்டும் ரேலிக்குக் கூப்பிடுகிறார்கள். இதில் ஒரு நன்மை: பட்டியலுக்கும் ரேலிக்கும் நடுவே உடம்பைத் தேற்றக் கொஞ்ச காலம் கிடைக்கிறது. ஆனால் தேற்றுவதற்கு இடம்? ஒழுங்கான ஓட்டத் தடம் வேண்டும் என்றால் புதுச்சேரி உப்பளம் இந்திரா காந்தி மைதானம். சேதராப்பட்டிலிருந்து விடியற்காலையில் அங்கே போய் ஓடிவிட்டு முதல் ஷிப்டுக்குத் திரும்ப எந்தப் பஸ்ஸும் இல்லை. பாகூர்ப் பையன்கள் பாடும் இதேதான்.

கேட்பதற்கு ஊரில் ஆளும் இல்லை. புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வந்தவர்களின் காலம் 2011-இல் முடிந்தது; அதன் பிறகு இத்தனை ஆண்டாக வார்டு மெம்பரும் இல்லை, கொம்யூன் தலைவரும் இல்லை. அதிகாரிகள்தான் நடத்துகிறார்கள். எங்கள் பள்ளம் இருக்கிற, எடுத்துப் போட்ட அந்த நிலத்திலும் இப்போது தொழிற்சாலை வரப்போகிறது என்கிறார்கள். வரட்டும், வேலை வேண்டும். பள்ளம் மூடிப்போகும், அதற்கு மாற்றிடம் வேண்டும்.

வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்துக்குக் கொடுக்க மனு எழுதி, ஊரில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். பாகூரிலும் கொடுக்கலாம் என்று அங்கிருந்து வந்த பையன்கள் அளவுகளை எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். கோடிக்கணக்கில் எதுவும் கேட்கவில்லை. 400 மீட்டர் சுற்றுக்கு மண் தடம். கரை சரியாமல் செங்கல் கட்டிய ஒன்பது அடிப் பள்ளம், அந்தப் பக்கம் மணல். பெண்பிள்ளைகளுக்குப் பத்தடி மணற்குழி. எட்டடி உயரத்தில் இரண்டு பீம். நாலு திருப்பம் உள்ள ஜிக்ஜாக் கட்டை. குடிதண்ணீர்க் குழாய் ஒன்று, விடிகாலை நாலரைக்கு எரிகிற விளக்கு ஒன்று.